மணலில் தங்கும் மழை

ஜோத்பூரிலிருந்து ஜெய்சால்மருக்குப் போகும் சாலை மேற்கு நோக்கி ஏறக்குறைய 280 கிலோமீட்டர் ஓடுகிறது. குளிர்காலத்தில் சுற்றுலா வண்டிகளால் நிரம்பும் இந்தச் சாலையில் ஆவணி பிறந்ததும் வேறொரு கூட்டம் சேர்ந்துவிடும். பொக்ரானுக்கு வடக்கே ராம்தேவ்ராவில் உள்ள பாபா ராம்தேவின் சமாதியைத் தரிசிக்க, ராஜஸ்தானிலிருந்தும் குஜராத்திலிருந்தும் லட்சக்கணக்கானோர் கொடி பிடித்து நடந்தே வருகிறார்கள். இந்துக்கள் அவரைத் தெய்வமாக வணங்குகிறார்கள். முஸ்லிம்கள் ராம்ஷா பீர் என்று போற்றுகிறார்கள். திருவிழா நடப்பது தார் பாலைவனத்தின் மழைக்காலத்தில். நடப்பவர்களின் இருபுறமும் கம்பு கதிர் விட்டிருக்கும், பள்ளங்களில் எருமைகள் நீரில் கிடக்கும்.

பாலைவனத்தைச் சுற்றிப்பார்க்க நவம்பரும் டிசம்பரும் வசதியான மாதங்கள். அது எப்படி உயிர்வாழ்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்புபவர் ஜூலை, ஆகஸ்டில்தான் போகவேண்டும். ஆண்டு முழுவதும் மணலுக்கடியில் காத்துக்கிடக்கும் ஒரு பெரிய இயக்கம் அப்போது சில வாரங்களுக்கு மேலே வந்து நடக்கிறது.

ஜோத்பூரில் ஆண்டுக்கு ஏறக்குறைய 350 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஜெய்சால்மரை எட்டும்போது அது 200க்குக் கீழே இறங்கிவிடுகிறது. எல்லையை ஒட்டிய மணல்மேடுகளில் 100 மில்லிமீட்டர் பெய்தாலே பெரிது. சென்னையின் ஆண்டுச் சராசரி ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர். ஜெய்சால்மர் ஓர் ஆண்டு முழுக்கக் காத்திருந்து பெறும் மழையைச் சென்னை ஒரு வடகிழக்குப் பருவமழை நாளிலேயே பார்த்திருக்கிறது.

இவ்வளவு குறைவாகப் பெய்வது ஏன்? அரபிக்கடல் அருகில்தான் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றும் இந்த வழியாகத்தான் வீசுகிறது. ஆனால் ஆரவல்லி மலைத்தொடர் காற்றின் திசைக்கு இணையாகப் படுத்திருப்பதால், ஈரக்காற்றைத் தடுத்து மேலே தூக்கிவிட மலை இல்லை. அதைவிட முக்கியமான தடை வானத்தில் இருக்கிறது. தார் மீது வந்து சேரும் ஈரக்காற்று தரையையொட்டி மெல்லிய அடுக்காகவே பரவுகிறது. அதன் தலைக்குமேல் மேற்கேயுள்ள வறண்ட நிலப்பரப்புகளிலிருந்து வரும் சூடான உலர்காற்று மூடிபோல் கவிந்து நிற்கிறது. மேகம் எழும், மூடியை முட்டும், கலைந்துவிடும். கீழே நிற்பவருக்குப் புழுக்கம் மட்டுமே மிஞ்சும்.

இந்த மூடியை உடைக்க, பெரும்பாலும் வங்காள விரிகுடாவில் பிறந்த ஒரு காற்றழுத்தத் தாழ்வு வரவேண்டியிருக்கிறது. அது ஒடிசாவில் கரையேறி, மத்தியப் பிரதேசத்தைக் கடந்து, வலுவிழக்காமல் ராஜஸ்தான்வரை வந்தால் பாலைவனத்தில் பெருமழை. வழியிலேயே தேய்ந்துவிட்டால் அந்த வாரம் வறட்சி. ஜெய்சால்மரின் பருவம் முழுவதும் இப்படி விரல்விட்டு எண்ணக்கூடிய சில மழைநாட்களில் அடங்கிவிடுகிறது.

காலமும் குறுகியது. இந்திய வானிலை ஆய்வுத் துறை 2020இல் திருத்தி வெளியிட்ட அட்டவணையின்படி, ஜூன் 1இல் கேரளத்தைத் தொடும் பருவமழை, ஜூலை 8 வாக்கில் நாட்டின் வடமேற்கு மூலையை எட்டுகிறது. செப்டம்பர் 17இல் அதே மூலையிலிருந்துதான் பின்வாங்கத் தொடங்குகிறது. கடைசியாக வந்து முதலில் கிளம்பிவிடும் விருந்தாளி. இடைப்பட்ட பத்து வாரங்களுக்குள் தார் தன் ஆண்டு வேலையை முடித்துக்கொள்ள வேண்டும்.

முதல் துளி விழும்போது

மழைக்கு முன்னால் காற்று வருகிறது. இடிமேகத்திலிருந்து கீழே கொட்டும் குளிர்காற்று தரையில் மோதி நாலாபுறமும் விரிகிறது. அதன் முகப்பில் புழுதிச் சுவர் எழும்புகிறது. சாலையில் போகும் வண்டிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஓரம் கட்டுகின்றன. சில நிமிடங்களில் வெப்பம் சட்டென்று இறங்கும். பிறகு மண்வாசனை.

இந்த வாசனையை 1964இல் வேதியியல் பாடமாக மாற்றியவர்கள் ஆஸ்திரேலியாவின் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்னும் இரு விஞ்ஞானிகள். உலர்ந்த களிமண்ணையும் பாறையையும் நீராவியில் காய்ச்சி வடித்து, வாசனைக்குக் காரணமான எண்ணெயைப் பிரித்தெடுத்தார்கள். உத்தரப்பிரதேசத்தின் கன்னௌஜில் அத்தர் தயாரிப்பவர்கள் சுட்ட மண்ணைக் காய்ச்சி இதே வாசனையைச் சந்தன எண்ணெயில் பிடித்து விற்றுவந்ததையும் அவர்கள் குறிப்பிட்டார்கள். அடுத்த ஆண்டு இன்னொன்றும் தெரியவந்தது: வறண்ட நாட்களில் மண்ணில் சேரும் இந்த எண்ணெய், விதைகள் முளைப்பதைத் தாமதப்படுத்துகிறது. மழை அதைக் கழுவிவிட்டால் தடை நீங்குகிறது.

மண்வாசனையின் இன்னொரு பங்காளி ஜியோஸ்மின். மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசஸ் நுண்ணுயிர்கள் இதை உண்டாக்குகின்றன. காற்றில் லட்சம் கோடியில் சில பங்குகள் இருந்தாலே மனித மூக்கு இதைக் கண்டுபிடித்துவிடும். 2015இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வாளர்கள் அதிவேகக் கேமராவில் மழைத்துளி விழுவதைப் படம்பிடித்தார்கள். நுண்துளைகள் உள்ள மண்ணில் துளி மோதியதும் அடியில் சிக்கிய காற்று குமிழிகளாக மேலெழுந்து வெடிக்கிறது. மண்ணிலிருந்த பொருள்கள் நுண்திவலைகளாகக் காற்றில் பறக்கின்றன. கொட்டும் மழையைவிடத் தூறலிலும் மிதமான மழையிலும் இது அதிகம். பெருமழையைவிடத் தூறலில் மண் கூடுதலாக மணப்பதற்குக் காரணம் இங்கே கிடைக்கிறது.

மண்ணின் மேல்தோலிலும் அசைவு தொடங்கிவிடுகிறது. பாலைநிலங்களில் சயனோபாக்டீரியா, பூஞ்சை, பாசி ஆகியவை மணல்துகள்களைப் பின்னி மெல்லிய ஓடு ஒன்றை உருவாக்குகின்றன. மாதக்கணக்கில் உலர்ந்து கிடந்த இந்த உயிர்கள், நனைந்த சில நிமிடங்களிலேயே சுவாசிக்கத் தொடங்குகின்றன. ஒளி இருந்தால் விரைவிலேயே ஒளிச்சேர்க்கையும் நடக்கிறது. உலர்ந்த மண் நனையும்போது அதிலிருந்து கரியமில வாயு சட்டென்று பொங்கி வெளியேறுவதை 1958இல் கென்யாவில் ஆராய்ந்து விளக்கியவர் பேர்ச் என்ற மண் ஆய்வாளர். பாலைவனத்தில் முதல் மழை என்பது மண் விடும் பெருமூச்சு என்று சொன்னால் வேதியியலும் ஒப்புக்கொள்ளும்.

மணல் எப்படி நீரைக் காக்கிறது

பொக்ரானைத் தாண்டியதும் நிலம் மாறிமாறி வருகிறது. ஒரு பக்கம் மணல்மேடு, அடுத்து மஞ்சள் கல் பரப்பு, அதையடுத்து வெடித்த களிமண் தரை. மழை ஓய்ந்த மறுநாள் இந்த மூன்றையும் அருகருகே பார்ப்பவருக்கு விந்தையான காட்சி கிடைக்கும். பாறையில் ஓடைகள் ஓடி முடிந்திருக்கும். களிமண்ணில் நீர் தேங்கிப் பளபளக்கும். மணல் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் உலர்ந்து கிடக்கும். ஆனால் மேலாக ஒரு கைப்பிடி விலக்கினால் உள்ளே குளிர்ந்த ஈரம்.

உலர்ந்த மணலில் பெய்யும் 10 மில்லிமீட்டர் மழை ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் ஆழம்வரை இறங்குகிறது. களிமண் நீரை இறுகப் பிடித்துக்கொள்வதால், அதே மழை அங்கே சில சென்டிமீட்டர்களோடு நின்றுவிடுகிறது. மேலே நின்ற நீரை வெயில் ஓரிரு நாளில் குடித்துவிடும். மணலிலோ மேற்பரப்பு மட்டும் விரைவாக உலர்கிறது. உலர்ந்த மேல்மணலில் நீர் ஏறிவரத் தொடர்ச்சியான பாதை இல்லாததால், அதுவே கீழுள்ள ஈரத்துக்குப் போர்வையாகிறது. களிமண்போல வெடிப்பு விட்டு ஈரத்தை வெளியே விடுவதும் மணலுக்கு இல்லை.

மழை மிகுந்த நாடுகளில் களிமண் வளமானது, மணல் ஏழை. பாலைவனத்தில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. ஒரே அளவு மழையில் மணல் நிலமே அதிகப் பசுமையைத் தாங்குகிறது. இஸ்ரேலியச் சூழலியலாளர் இம்மானுவேல் நோய்-மெயர் 1973இல் எழுதிய கட்டுரையில் இதை விளக்கினார். பாலைவனத்தை வெறும் மழையளவால் வரையறுப்பதை அவர் ஏற்கவில்லை. எப்போதாவது, தனித்தனி நிகழ்வுகளாக, முன்கூட்டிச் சொல்ல முடியாதபடி நீர் வந்து சேரும் அமைப்பாக அதைப் பார்த்தார்.

அந்தப் பார்வையோடு தாரில் பயணம் செய்பவருக்கு ஒரு கேள்வி எப்போதும் கூடவே வரும்: இங்கே விழுந்த நீர் எங்கே போய் நிற்கிறது? எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்பதைவிட இந்தக் கேள்விதான் தாரின் புல்லையும் தவளையையும் கிணற்றையும் வெள்ளத்தையும் விளக்குகிறது.

ஜெய்சால்மரின் மேற்கே விரியும் சேவண் புல்வெளிகளே முதல் சான்று. 250 மில்லிமீட்டருக்கும் குறைவான மழையில், மணலில், பல ஆண்டுகள் வாழும் புல் இது. கோடையில் காய்ந்த தூறுகளாக நிற்கும். மழை இறங்கியதும் தூரிலிருந்து பச்சை கிளம்பும். தார்பார்க்கர், ராட்டி இன மாடுகளின் பால் இந்தப் புல்லிலிருந்துதான் வருகிறது. தீவனம் தேடி வெளியூர்களுக்கு மந்தைகளை ஓட்டிப்போன ரைக்கா மேய்ப்பர்கள் மழைச் செய்தி கேட்டுத்தான் ஊர் திரும்புகிறார்கள்.

விதைகளின் எச்சரிக்கை

சேவண் போன்ற நிரந்தரக் குடிகளுக்கு நடுவே, மழையோடு தோன்றி மழையோடு மறையும் செடிகளும் உண்டு. மஞ்சள் பூப்பூக்கும் நெருஞ்சி, ஆடையில் ஒட்டிக்கொள்ளும் முள்ளுள்ள புரட் புல் ஆகியவை சில வாரங்களில் முளைத்து, பூத்து, விதை சிந்தி முடித்துவிடும். இவற்றின் விதைக்கு ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. ஜூன் மாதத்தில் ஏமாற்றுத் தூறல் ஒன்று விழும். அதை நம்பி முளைத்தால் அடுத்த மழை வருவதற்குள் கருகிவிடும்.

விதைக்கு மழையை அளக்கத் தெரியுமா? கலிஃபோர்னியாவில் ஃப்ரிட்ஸ் வென்ட் என்ற தாவரவியலாளர் 1940களில் இதைச் சோதித்தார். பாலைநில மண்ணை விதைகளோடு அள்ளிவந்து ஆய்வகத்தில் செயற்கை மழை பொழிவித்தார். லேசான மழைக்கு விதைகள் அசையவில்லை. 10, 15 மில்லிமீட்டரைத் தாண்டிய பிறகே முளைத்தன. அதே மண்ணை மேலிருந்து நனைக்காமல் அடியிலிருந்து ஈரம் ஏறவிட்டபோது, எவ்வளவு நனைந்தும் பல விதைகள் முளைக்கவில்லை. விதைத்தோலில் முளைப்பைத் தடுக்கும் வேதிப்பொருள் இருக்கிறது. மேலிருந்து நீர் வழிந்து அதைக் கழுவிப்போனால்தான் கதவு திறக்கும். கழுவிப்போகும் அளவுக்கு நீர் வந்தால், வேருக்கும் போதுமான ஈரம் மண்ணில் இறங்கியிருக்கும்.

நல்ல மழை பெய்தாலும் எல்லா விதைகளும் முளைப்பதில்லை. ஒரு பங்கு எப்போதும் மண்ணுக்குள் தங்கிவிடுகிறது. இது ஏன் லாபகரமான உத்தி என்பதை 1966இல் டான் கோஹன் என்ற ஆய்வாளர் கணிதமாக நிறுவினார். மொத்த விதையையும் ஒரே பருவத்தில் முளைக்கவிடும் செடி, ஒரே ஒரு மோசமான ஆண்டில் வம்சமற்றுப் போகும். பிறகு அரிசோனாவின் பாலைவனத்தில் சூழலியலாளர் லாரன்ஸ் வெனபிள் 22 ஆண்டுகள் செடிகளை எண்ணிப் பார்த்தார். எந்த இனத்துக்கு ஆண்டுக்காண்டு பிழைப்பு அதிகமாக மாறுகிறதோ, அந்த இனம் குறைந்த விதைகளையே முளைக்கவிட்டு மீதியைச் சேமித்தது. கோஹனின் கணக்கை மண்ணே சரிபார்த்துக் கொடுத்துவிட்டது.

குட்டையில் ஓட்டப்பந்தயம்

களிமண் தரையில் தேங்கும் குட்டைகள் மணலைப்போல நீரை ஒளித்துவைப்பதில்லை. சில வாரங்களில் வற்றிவிடும். அந்தக் கெடுவுக்குள் வாழ்ந்து முடிக்கக் கற்ற உயிர்கள் அங்கே கூடுகின்றன.

மழை இரவில் சாலையோரப் பள்ளங்களில் எழும் தவளைச் சத்தம் தாருக்குப் புதியவர்களைத் திகைக்க வைக்கும். மண்ணைத் தோண்டி வாழும் ஸ்பீரோதிகா தவளைகளின் பின்னங்காலில் மண்வெட்டிபோன்ற கடினமான புடைப்பு ஒன்று இருக்கிறது. அதைக்கொண்டு பின்பக்கமாகவே மண்ணுக்குள் இறங்கி, ஈரமுள்ள ஆழத்தில் வறண்ட மாதங்களைக் கழிக்கின்றன. மழை வந்ததும் மேலே வந்து, துணை தேடி, முட்டையிடுகின்றன. தலைப்பிரட்டைகளுக்கு அதன்பின் நீரோடு போட்டி. வட அமெரிக்கப் பாலைவனங்களின் ஸ்பேட்ஃபுட் தவளைகளில் இந்தப் போட்டி நன்றாக ஆராயப்பட்டிருக்கிறது. குட்டையின் நீர் குறையக் குறையத் தலைப்பிரட்டையின் உடலில் அழுத்தத்துக்கான ஹார்மோன்கள் சுரந்து, வளர்ச்சியை முடுக்கிவிடுகின்றன. அவற்றில் ஓர் இனம் ஏறக்குறைய எட்டே நாட்களில் கால் முளைத்துத் தரையேறிவிடும். சிறிய உடலோடு கரையேறுவதில் நட்டம் உண்டு. ஆனால் நீரில்லாத குட்டையில் பெரிய உடலால் பயனில்லை.

அதே குட்டையில் கேடயம்போன்ற ஓடும் நீண்ட வாலுமாக நீந்துவது டிரையோப்ஸ் என்ற ஓட்டுடலி. டைனோசார்களுக்கும் முந்திய வம்சம். வற்றிய சேற்றில் இதன் முட்டைகள் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். இங்கும் ஒரே நனைவில் எல்லா முட்டையும் பொரிப்பதில்லை. செடியின் விதையும் ஓட்டுடலியின் முட்டையும் தனித்தனியே ஒரே விடைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

மணலில் நடப்பவர் காலடியில் சிவப்பு வெல்வெட் துணுக்குகள் ஊரும். தமிழ்நாட்டில் பட்டுப்பூச்சி, வெல்வெட் பூச்சி என்றும் ஈழத்தில் தம்பலப்பூச்சி என்றும் சிறுவர்கள் கையில் எடுத்து விளையாடும் அதே கூட்டத்தைச் சேர்ந்தவை இவை. ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள் கழித்துவிட்டு, முதல் மழைக்குப் பிறகு இரைக்காகவும் இனப்பெருக்கத்துக்காகவும் வெளியே வருகின்றன. மணலைப் பிளந்து கும்பி என்ற காளானும் எழும். ஊர்மக்கள் அதைத் தேடிப் பறித்துக் கறி சமைப்பார்கள், சந்தைக்கும் கொண்டுபோவார்கள்.

புல்லும் பூச்சியும் பெருகும் இந்த வாரங்களை நம்பித்தான் கானமயில் முட்டையிடுகிறது. ஜெய்சால்மர், பார்மர் மாவட்டங்களில் 3,162 சதுர கிலோமீட்டர் பரந்த பாலைவன தேசியப் பூங்காவும் அதைச் சுற்றியுள்ள நிலமும் இந்தப் பறவையின் கடைசிப் பெரிய புகலிடம். உலகில் எஞ்சியிருப்பவை 150க்கும் குறைவு என்பது கணிப்பு. பொதுவாக ஒரு பருவத்தில் ஒரே ஒரு முட்டை, அதுவும் வெறும் தரையில். மேயும் கால்நடையோ நாயோ அதை மிதித்தாலும் கவ்வினாலும் அந்த ஆண்டு முடிந்தது. பக்கவாட்டுப் பார்வை கொண்ட இந்தக் கனத்த பறவை எதிரேயுள்ள மின்கம்பியைத் தாமதமாகவே காண்பதால் மோதி இறக்கிறது. 2019இல் ஜெய்சால்மரில் தொடங்கிய காப்பிட இனப்பெருக்கத் திட்டத்தில், 2024 அக்டோபரில் செயற்கைக் கருவூட்டல் மூலம் முதல் குஞ்சு பொரித்தது. இந்தச் செய்தியைக் கொண்டாடும்போதே மேய்ச்சல்வெளிகளைக் காப்பதற்கும் முயலவேண்டும். குஞ்சு வளர்ந்தபின் போய் வாழ அந்தப் புல்வெளி வேண்டும்.

ஜிப்சம் தந்த கிணறு

ஜெய்சால்மரைச் சுற்றிய ஊர்களில் மழைக்காலத்தில் பயணம் செய்பவர், வயல்கள் நடுவே ஏரி தேங்கியிருப்பதைக் காண்பார். அவை ஏரிகள் அல்ல, கடின்கள். பாறைச் சரிவின் அடிவாரத்தில் குறுக்கே நீண்ட மண்கரை எழுப்பி, வழிந்துவரும் மழைநீரை வயலிலேயே நிறுத்திவைக்கும் முறை இது. 15ஆம் நூற்றாண்டில் பாலிவால் பிராமணர்கள் இதை இங்கே பரப்பினார்கள்.

கணக்கு எளிமையானது. ஓர் ஏக்கர் வயலுக்கு ஏறக்குறைய 15 ஏக்கர் சரிவு. 100 மில்லிமீட்டர் மழையில் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே வழிந்து வந்தாலும், வயலுக்கு 300 மில்லிமீட்டர் நீர் சேர்கிறது. வயலின்மீது நேரடியாகப் பெய்ததோடு 400. நீரோடு வண்டலும் வந்து படிகிறது. தேங்கிய நீர் மண்ணில் உள்ள உப்பைக் கீழே தள்ளுகிறது. பருவமழை முடிந்ததும் எஞ்சிய நீரை மதகு வழியே வெளியேற்றிவிட்டு, ஈரமண்ணில் கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைக்கிறார்கள். அதன்பிறகு பாசனமே தேவையில்லை. ஜூலையில் பெய்த மழை பிப்ரவரியில் கதிராகிறது. இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் நபட்டேயர் என்ற பண்டைய மக்களும் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் வழிந்தோடும் நீரைக்கொண்டு பயிர்செய்தார்கள். தாவரவியலாளர் மைக்கேல் எவனாரி 1950களில் அந்த வயல்களை மீட்டெடுத்துப் பயிர்செய்து காட்டினார்.

பாறை இல்லாத மணற்பகுதியில் வேறு வழி. சில இடங்களில் மணலுக்கு அடியில் ஜிப்சம் கலந்த கெட்டியான அடுக்கு ஓடுகிறது. அதற்குக் கீழே நெடுந்தொலைவில் இருக்கும் நிலத்தடி நீர் பெரும்பாலும் உப்பு. மணல் வழியே இறங்கும் மழைநீர் இந்த அடுக்கில் தடைபட்டு, உப்புநீரோடு கலக்காமல் ஈரமாகத் தங்குகிறது. இந்த ஈரத்தை எடுக்க வெட்டப்படும் குறுகலான கிணறுதான் குயீ. ஒருவர் குந்தி அமர்ந்து தோண்டுமளவே அகலம். சரிந்துவிடாமல் இருக்கப் புல்கயிற்றாலோ மரத்துண்டாலோ சுவர் கட்டிக்கொண்டே இறங்குகிறார்கள். சுற்றியுள்ள ஈரமணல் தன் நீரைச் சொட்டுச்சொட்டாகக் குழிக்குள் விடுகிறது. நாளொன்றுக்குக் கிடைப்பது சில குடம் நல்ல தண்ணீர்.

எழுத்தாளர் அனுபம் மிஸ்ரா இந்த அறிவை 1995இல் நூலாகத் தொகுத்தபோது, அப்பகுதி மக்கள் நீரை மூவகையாகப் பிரிப்பதைப் பதிவுசெய்தார். நேரே சேகரிக்கும் மழைநீர் பாலர். ஆழ்கிணற்று நீர் பாதாளம். இவை இரண்டுக்கும் இடையே மணலில் தங்கிய ஈரம் ரேஜாணி. மண்ணியல் பாடநூல் வரைபடமாக வரைவதை, கிணறு தோண்டுபவர்கள் தம் அன்றாடப் பேச்சிலேயே வைத்திருக்கிறார்கள்.

மானாவாரி நிலங்களிலும் இதே விரைவுதான். முதல் நல்ல மழைக்கு மறுநாளே கம்பும் நரிப்பயறும் கொத்தவரையும் விதைப்பார்கள். வயல் நடுவே வன்னி மரங்களை வெட்டாமல் விட்டுவைப்பார்கள். அவற்றின் ஆழ்வேர் கம்போடு நீருக்குப் போட்டியிடுவதில்லை, உதிரும் இலை மண்ணுக்கு உரம். எச்.எச்.பி. 67 என்ற வீரிய ஒட்டுக் கம்பு ஏறக்குறைய 65 நாட்களில் விளைந்துவிடும். அடிச்சாம்பல் நோயைத் தாங்கும்படி மரபணுக் குறியீடுகளின் துணையோடு மேம்படுத்தப்பட்டு, 2005இல் மீண்டும் வெளியிடப்பட்டது. பருவமழை பத்தே வாரம் நீடிக்கும் நிலத்தில் 65 நாள் பயிர் என்பது குடும்பத்தின் ஆண்டு உணவு.

அதே ஜிப்சம், வேறு கதை

2006 ஆகஸ்டில் பார்மர் மாவட்டத்தில் ஓராண்டின் சராசரியைத் தாண்டிய மழை சில நாட்களுக்குள் கொட்டியது. கவாஸ் உள்ளிட்ட ஊர்கள் மூழ்கின. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஏராளமான கால்நடைகள் மடிந்தன. வறட்சிக்கு மட்டுமே பழகிய மாவட்டத்தில் ராணுவம் படகில் போய் மக்களை மீட்டது.

மழை நின்றபின்னும் வெள்ளம் வடியவில்லை. மணல் குடித்துவிடும் என்று எதிர்பார்த்த நீர் மாதக்கணக்கில் அப்படியே நின்றது. காரணம், மணலுக்கு அடியில் இருந்த ஜிப்சம் அடுக்கு. குயீக்கு நல்ல தண்ணீர் தரும் அதே தடை, ஒரேயடியாகப் பெருநீர் வந்தபோது கிண்ணத்தின் அடிபோல நின்று ஊரையே குளமாக்கிவிட்டது. வடிவதற்கு ஆறு இல்லை. இறங்குவதற்கு வழியில்லை. ஆவியாகித்தான் தீரவேண்டும்.

1958இல் கட்டுமானம் தொடங்கிய இந்திரா காந்தி கால்வாய் இதே பாடத்தை மெதுவாகக் கற்பித்தது. பஞ்சாபின் ஹரிகே அணையிலிருந்து வந்த நீர், மணலில் கோதுமையும் பருத்தியும் விளைவித்தது. கெட்டியான அடுக்கு ஆழம் குறைவாக இருந்த இடங்களிலோ பாசனநீர் கீழே இறங்க முடியாமல் தேங்கி மேலே ஏறியது. உப்பையும் கூடவே கொண்டுவந்தது. பல வயல்கள் நீர்க்கோத்துப் பாழாயின.

மழைக்காலப் பயணிக்கு இந்த நிலவியல் நேரடிப் பாதுகாப்புச் செய்தி. தாரின் சாலைகள் பல ஓடைகளைப் பாலமின்றி, தாழ்வான தரைப்பாலங்களாகக் கடக்கின்றன. ஆண்டு முழுக்கக் காய்ந்து கிடக்கும் அந்தத் தாழ்வுகள்தான் நீரின் வழி. தொலைவில் பெய்த மழை, இங்கே வானம் தெளிவாக இருக்கும்போதுகூட வந்து சேரலாம். 30 சென்டிமீட்டர் ஆழ ஓட்டம் சிறு காரை மிதக்கவைக்கும்; 60 சென்டிமீட்டர் பெரும்பாலான வண்டிகளை இழுத்துப்போகும். உள்ளூர் ஓட்டுநர்கள் எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். ஓடையில் வரும் வெள்ளம் வேகமாக வருவதுபோல வேகமாகவே போய்விடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஈரமணலைத் தேடிவரும் இன்னொரு பயணி வெட்டுக்கிளி. பெண் வெட்டுக்கிளி தன் வயிற்றை நீட்டி ஈரமணலில் செலுத்தி முட்டைப் பொதியை வைக்கிறது. ஈரமில்லாவிட்டால் முட்டை பொரிக்காது. தார் அதன் கோடைகால இனப்பெருக்க நிலம். தனித்துத் திரியும் பூச்சிகள் நெருக்கத்தில் ஒன்றையொன்று உரசும்போது நரம்புகளில் செரட்டோனின் கூடி, கூட்டமாகப் பறக்கும் குணம் வருகிறது என்று 2009இல் கண்டறிந்தார்கள். 2019இல் பருவமழை அக்டோபர் 9இல்தான் பின்வாங்கத் தொடங்கியது. பதிவுகளிலேயே அது மிகத் தாமதமானது. மணல் கூடுதல் வாரங்கள் ஈரமாக இருந்ததால் வெட்டுக்கிளிகளும் கூடுதலாகப் பெருகின. ராஜஸ்தானும் குஜராத்தும் அந்தக் குளிர்காலத்தில் பயிரை இழந்தன.

கூடிவரும் மழை

2019இன் நீண்ட பருவம் ஒரு தனி நிகழ்வாக நின்றுவிடாது என்று தோன்றுகிறது. வானிலை விஞ்ஞானி பி. என். கோஸ்வாமியும் உடனாய்வாளர்களும் 2023இல் வெளியிட்ட ஆய்வு, 1901 முதல் 2015 வரையிலான காலத்தில் வடமேற்கு இந்தியா, பாகிஸ்தான் வறண்ட பகுதிகளில் மழை 10 முதல் 50 விழுக்காடு கூடியிருப்பதைக் காட்டியது. வெப்பமயமாதல் மிதமாகத் தொடர்ந்தாலும் அது மேலும் 50 முதல் 200 விழுக்காடு கூடலாம் என்பது அவர்கள் கணிப்பு. 2022 ஆகஸ்டில் தார் பரவியுள்ள பாகிஸ்தானின் சிந்து மாகாணம் வழக்கத்தைவிட ஏழு மடங்குக்கு மேல் கூடுதல் மழை பெற்று மூழ்கியது. 2023 ஜூனில் குஜராத்தில் கரைகடந்த பிபர்ஜாய் புயல் பார்மர், ஜாலோர் மாவட்டங்களை நனைத்துவிட்டுத்தான் தணிந்தது.

கூடுதல் மழை தாரைப் பசுமையாக்கும் என்று சொல்லி நிறுத்திவிட முடியாது. அது சிறுசிறு மழையாகப் பரவி வந்தால் சேவணும் கம்பும் செழிக்கும். இரண்டு மூன்று பெருமழைகளாகக் கொட்டினால், ஜிப்சம் அடுக்குள்ள பள்ளங்கள் மீண்டும் குளங்களாகும். ஆகவே ஜிப்சம் எந்த ஊருக்கு அடியில், எவ்வளவு ஆழத்தில் ஓடுகிறது என்ற வரைபடம் ஒவ்வொரு ஊராட்சியிடமும் இருக்கவேண்டும். புதுக் குடியிருப்பும் பள்ளியும் அதைப் பார்த்தபின் இடம்பெற வேண்டும். சாலை போடுபவர்கள் பழைய ஓடைத் தடங்களை மண்மேடிட்டு மறிக்காமல், நீர் கடக்க இடம் விடவேண்டும்.

கடின்களிலும் வேலை இருக்கிறது. பல கரைகள் பராமரிப்பின்றி உடைந்து கிடக்கின்றன. அவற்றைச் சரிசெய்யும் பணிகளை அரசும் தொண்டு அமைப்புகளும் ஊர்மக்களும் ஆங்காங்கே செய்துவருகிறார்கள். மிகைநீர் வழிந்து வெளியேறும் கலிங்குகள் பழைய மழைக்காக அளந்து கட்டப்பட்டவை. 400 மில்லிமீட்டரைக் கருதி எழுப்பிய கரை, ஒரே வாரத்தில் வரும் இருமடங்கு நீரைத் தாங்க, கலிங்கின் அகலமும் கரையின் உயரமும் புதிதாகக் கணக்கிடப்பட வேண்டும். சரிவின் பரப்பு, பாறையின் தன்மை, ஒரு மணி நேரத்தில் பெய்யக்கூடிய அதிகபட்ச மழை ஆகிய மூன்றையும் வைத்துப் போடும் கணக்கு அது. ஜெய்சால்மரைச் சுற்றியுள்ள ஒவ்வொரு கடினுக்கும் தனித்தனியாக, அடுத்த பருவமழைக்குமுன் தொடங்கவேண்டிய வேலை.